முக்காலி மட்டும் போதுமா?



சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அது வழக்கறிஞர்க்கும் அரசு அலுவலர்க்கும் உரிய பொருள் என்று எண்ணி ஒதுங்கிவிடுவோர் நம்மிடையே பலர். ஆயினும் சில சட்டங்கள் நம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளேயே வந்து அமர்ந்துகொள்கின்றன. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்வோர்க்கு உட்கார இடம் அளித்தல் வேண்டும் என்று 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம் அத்தகையது. நம் குடும்பங்களுள் சில, கடை நடத்தும் குடும்பங்கள். பல குடும்பங்களிலிருந்து மகளோ மருமகளோ தம்பியோ அன்றாடம் கடைக்கு வேலைக்குச் செல்கின்றனர். எஞ்சியோர் அனைவரும் பண்டிகைக்குப் பண்டிகை அக்கடைகளின் படியேறிப் பொருள் வாங்குவோர். ஆகவே இச்சட்டத்தோடு தொடர்பில்லாத வீடு நம்மிடையே ஒன்றுமில்லை என்றே கூறலாம். இம்மாதம் இதனைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைக் காண்போம். கடைப் பணியாளரின் வேலை நேரம், ஓய்வு, விடுமுறை ஆகியவற்றை வரையறுக்கும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. மறு ஆண்டில், அதாவது 1948இல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டிய ஆலைத் தொழிலாளர், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு வசதி செய்து தருமாறு அச்சட்டம் ஆலை முதலாளிகளைப் பணித்தது. ஆனால் கடையில் நிற்பவரைப் பற்றி இத்தகைய சொல் ஒன்றும் கடைச் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆலைத் தொழிலாளியின் கால்களுக்குக் கிடைத்த இரக்கம் கடைப் பணியாளரின் கால்களுக்குக் கிடைக்க எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நல அமைச்சர் திரு. சி. வெ. கணேசன் சட்டப் பேரவையில் இதற்கான திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் பயனாக 22-அ என்ற புதிய பிரிவு 1947ஆம் ஆண்டின் சட்டத்தில் சேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் அனைவருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருத்தல் வேண்டும். வேலைக்கிடையே அமர வாய்ப்புக் கிட்டும்போது அவர்கள் அதனைப் பயன்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலை ஒழிதல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

இவ்வெண்ணம் உலகிற்குப் புதியதன்று. இங்கிலாந்து நாட்டில் 1899ஆம் ஆண்டிலேயே கடைப் பெண்களுக்கு இருக்கை அளிக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மூன்று பெண் பணியாளருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்பது அதன் விதி. நம் நாட்டில் முதலில் வழி காட்டிய மாநிலம் கேரளம். 2018ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் கடைச் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையை வழங்கிற்று. அதனை அடுத்துத் தமிழகம் இவ்வழியில் வந்தது.

கேரளத்தில் அவ்வுரிமை தானாகக் கனிந்து விழவில்லை என்பதையும் நாம் அறிந்திருத்தல் நலம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல் தொழிலாளி ஒருவர், கடைகளில் வேலை செய்யும் பெண்களை ஒன்றுகூட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கையைக்கூட அன்று, கழிப்பறையைத்தான். ஒதுங்க இடமில்லாமையால் நாள் முழுவதும் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து வந்த பெண்கள் அவர்கள். கழிப்பறைக்கென எழுந்த குரலே, பின்னர் 'நாங்கள் சற்று உட்காரலாகாதா?' என்ற வினாவாக வளர்ந்தது. உட்கார்ந்தாலும், சுவரில் சாய்ந்தாலும்கூடக் கண்டிப்பும் சம்பளப் பிடித்தமும் இருந்ததாக அப்பெண்கள் எடுத்துரைத்தனர். எளிய பெண்கள் பல ஆண்டுகள் விடாது கேட்டதன் பயன் சட்டமாயிற்று.

நிற்பதில் என்ன துன்பம் என்று கேட்போரும் உளர். உழவர் நாள் முழுதும் வயலில் நிற்கவில்லையா, இல்லத்தரசியர் அடுப்படியில் நிற்கவில்லையா என்பர். நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்வது வேறு. ஒரே இடத்தில் அசையாது நிற்பது வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே செலுத்துகின்றன. அசையாது நிற்கும்போது அச்செயல் குன்றி, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் பாதம் வீங்குவதும், நாளடைவில் மக்கள் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று கூறும் நோய் தோன்றுவதும், இடுப்பிலும் குதிகாலிலும் வலி நிலைத்துவிடுவதும் இதனால்தான். கருவுற்ற பெண்ணுக்கு இது மேலும் கடுமையானது. சென்னைத் தியாகராய நகரின் பெருங்கடைகளில் நிற்கும் இளைஞரின் வாழ்வை 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' என்ற திரைப்படம் காட்டியது. அதனைக் கண்டு கண்ணீர் விட்டோர் பலர். மறுநாள் அதே தெருவில் துணி வாங்கச் சென்றபோது நம்மில் எத்தனை பேர் எதிரே நின்ற பெண்ணின் கால்களை எண்ணிப் பார்த்தோம்?

அண்மையில் நாம் அறிந்த கடைக்காரர் ஒருவரிடம் இச்சட்டத்தைப் பற்றிப் பேச நேர்ந்தது. நல்ல மனிதர், தம் பணியாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணத்திற்கு உதவுபவர். அவர் கூறினார்: "சாமி, சட்டம் வந்த உடனேயே ஆறு முக்காலி வாங்கிப் போட்டுவிட்டேன். அதிகாரி வந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள்தான் உட்காருவதில்லை."

"ஏன் ஐயா உட்காருவதில்லை?" என்று கேட்டோம்.

சற்றுத் தயங்கிவிட்டு அவர் சொன்னார்: "வாடிக்கையாளர் படியேறும்போது உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லையே, சாமி. சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்."

அந்த 'ஒரு பார்வை'யில்தான் இச்சட்டத்தின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன. ஆறு முக்காலிகள் கடையில் உள்ளன. ஆனால் உட்காரும் உரிமை அங்கு இன்னும் வந்து சேரவில்லை. முக்காலியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதில் அமர இசைவு தருவது முதலாளியின் மனம். பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம் 1964ஆம் ஆண்டில் வணிக நிலையங்களுக்கும் அலுவலகங்களுக்குமென வகுத்த 120ஆம் எண் உடன்படிக்கை இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தது. போதிய, தக்க இருக்கைகளைத் தருவது ஒரு கடமை. அவற்றைப் பயன்படுத்த நியாயமான வாய்ப்பைத் தருவது இன்னொரு கடமை என்று இரண்டையும் அது சேர்த்தே விதித்தது. நம் மாநிலச் சட்டமும் வாய்ப்பைப் பற்றியே பேசுகிறது. எண்ணிக்கைக்கு இருக்கை போட்டு, அமர்பவரை முறைத்துப் பார்க்கும் கடை, சட்டத்தின் எழுத்தைக்கூட முழுமையாக நிறைவேற்றியதாகாது.

உட்கார்ந்திருப்பது வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்ற கருத்து நம்மிடையே எப்போது புகுந்தது? நம் முன்னோர் காலத்து ஜவுளிக்கடையை வயது முதிர்ந்தோர் நினைவு கூரலாம். தரையில் மெத்தையிட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால், கடைக்காரரும் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார், வாங்க வந்த குடும்பமும் எதிரே அமர்ந்துகொள்ளும். புடவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வந்து விழும். பேச்சும் பேரமும் அமர்ந்தபடியே நடக்கும். காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் இவ்வழக்கத்தை இன்றும் காணலாம். மளிகைக் கடைக்காரர் கல்லாவின் அருகே அமர்ந்துதான் நூறு குடும்பங்களின் கணக்கை எழுதினார். அவரை மரியாதை அறியாதவர் என்று எவரும் கூறவில்லை. கண்ணாடி மேசைகளும் அடுக்கு மாடிகளும் வந்த பிறகே, விற்பவர் எழுந்து நின்றார். பிறகு நிற்பதே ஒழுங்கு எனப்பட்டது. ஆகவே நிற்பதுதான் பண்பாடு என்ற வாதத்திற்கு நம் பழைய கடைத்தெருவே மறுப்பாக நிற்கிறது.

கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கு வேறு கவலைகளும் உண்டு என்பதை நாம் அறியாதவரல்லர். வாடகை ஏறுகிறது, பெருங்கடைகள் வந்து சிறு வணிகரை நெருக்குகின்றன, கைப்பேசியிலேயே பொருள் வாங்கும் காலமும் வந்துவிட்டது. இந்நிலையில் விதிமேல் விதி வந்தால் எப்படித் தாங்குவது என்று அவர்கள் கேட்பது இயல்பே. ஆயினும் இவ்விதி எவ்வளவு செலவை வேண்டுகிறது? ஓர் எளிய முக்காலியின் விலை, கடை முகப்பில் தொங்கும் விளக்கின் விலையை எட்டாது. இடம் போதாதெனில், சுவரோடு மடித்து வைக்கும் பலகை இருக்கை உண்டு. மாலை வரை நின்று களைத்தவரின் முகத்தில் புன்னகையை எதிர்பார்ப்பது கடினம்; இடையிடையே அமர்ந்து எழுந்தவர் இரவு எட்டு மணிக்கும் இன்முகத்தோடு துணியை விரித்துக் காட்டுவார். அதனால் ஆதாயம் அடைவது கடையே அன்றோ?

சட்டத்தை உண்மையாக நிறைவேற்ற விரும்புவோர் செய்யத்தக்கவை சில. முதலாவதாக, இருக்கை வேலை செய்யும் இடத்திற்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். மாடிப்படியின் அடியிலோ கிடங்கிலோ போட்டுவிட்டு, வாடிக்கையாளர் வரும்போது ஓடி வா என்றால் எவரும் அமரமாட்டார். இரண்டாவதாக, முதலாளியே பணியாளர் அனைவரையும் கூட்டி, கூட்டமில்லாத வேளையில் நீங்கள் உட்காரலாம் என்று வாய்திறந்து கூற வேண்டும். மேற்பார்வையாளர் முன்னிலையில் கூறுவது இன்னும் நன்று. ஏனெனில் முதலாளி அறியாமலே கடுமை காட்டும் மேற்பார்வையாளரும் உண்டு. மூன்றாவதாக, எப்போதும் கூட்டம் மிகுந்திருக்கும் பிரிவுகளில் ஒருவர் மாற்றி ஒருவர் அமர முறை வகுக்கலாம். நான்காவதாக, கருவுற்றோர், முதியோர், உடல்நலம் குன்றியோர் ஆகியோரைக் கணக்கு எழுதும் இடம், ரசீது போடும் இடம் போன்ற அமர்ந்து செய்யும் வேலைக்கு மாற்றலாம்.

இருக்கையோடு கடமை முடிந்துவிடுவதில்லை. 1947ஆம் ஆண்டின் இச்சட்டம் கூறும் மற்றவற்றையும் கடை உடையோரும் பணியாளரும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும். கடைப் பணியாளரின் வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி. நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு தரல் வேண்டும். மிகை நேர வேலைக்கு இரு மடங்கு ஊதியம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. ஓராண்டு தொடர்ந்து பணி செய்தவருக்கு ஊதியத்தோடு 12 நாள் விடுப்பு. இதுவன்றி நோய்க்கென 12 நாளும், தக்க பிற காரணங்களுக்கென 12 நாளும் ஆண்டுதோறும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை, தக்க காரணமின்றியும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றியும் நீக்கலாகாது. குற்றம் சாட்டி நீக்குவதாயின், விசாரணையில் அது மெய்ப்பிக்கப்படல் வேண்டும்.

விடுமுறைகளைப் பற்றிய 1958ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்றும் உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களுமாக ஆண்டில் ஒன்பது நாட்கள் ஊதியத்தோடு கூடிய விடுமுறை. அந்நாட்களில் வேலை வாங்கினால் இரு மடங்கு ஊதியமோ, ஊதியத்தோடு மாற்று விடுமுறையோ தரல் வேண்டும். பண்டிகை நாளன்று கடை திறந்திருப்பதைக் கண்டு மகிழும் நாம், உள்ளே நிற்பவருக்கும் அது பண்டிகை நாள் என்பதை மறந்துவிடுகிறோம்.

அண்மைக் கால மாற்றங்கள் சிலவும் உள. பத்தும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்கள் ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்திருக்கலாம் என 2019ஆம் ஆண்டில் அரசு இசைவளித்துப் பின்னர் அதனை நீட்டித்தும் வந்துள்ளது. கடைக்கு ஓய்வில்லை என்பதால் பணியாளருக்கும் ஓய்வில்லை என்று பொருள் கொள்ளலாகாது. ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வார விடுமுறை தரல் வேண்டும் என்பதும், இரவில் பணியாற்றப் பெண்களின் எழுத்து மூலமான ஒப்புதலும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்பதும் அவ்விசைவோடு சேர்ந்த நிபந்தனைகள். மேலும், பத்தோ அதற்கு மேலோ பணியாளர் உள்ள நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018இல் நிறைவேறிய திருத்தம் 2024 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

2025 நவம்பர் 21 முதல் நடுவண் அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய நடுவண் சட்டங்கள் 29 அவற்றுள் அடங்கின. நம் மாநிலக் கடைச் சட்டம் அந்த 29இல் சேர்ந்ததன்று. எனவே, 'புதுச் சட்டம் வந்துவிட்டது, பழைய உரிமைகள் எல்லாம் போய்விட்டன' என்று எவரேனும் கூறினால் அதனை நம்பிவிட வேண்டாம். புதிய ஊதியத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து விலகியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதைக் கடை உடையோர் மனத்தில் இருத்துவது நன்று. ஐயம் உள்ளோர் அந்தந்த மாவட்டத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தை அணுகிக் கேட்டுத் தெளியலாம். முதலாளியும் கேட்கலாம், தொழிலாளியும் கேட்கலாம். அது வழக்குத் தொடுப்பதாகாது.

இப்பொழுது வாங்கச் செல்லும் நம் பக்கம் திரும்புவோம். 'வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ' என்பதுதானே கடைக்காரரின் அச்சம்? அந்த வாடிக்கையாளர் யார்? நாம்தான். தீபாவளிக்கும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பொங்கலுக்கும் வீட்டுத் திருமணத்திற்கும் குடும்பத்தோடு சென்று, நாமெல்லாம் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, எதிரே நிற்கும் பெண்ணை ஐம்பது புடவைகளை எடுத்துப் போடச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து வருபவர்கள் நாம். அப்பெண் நாம் நுழையும்போது ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தால் நம் முகம் சுளிக்கிறதா? 'இங்கே கவனிக்க ஆளில்லை' என்று முதலாளியிடம் முறையிடுகிறோமா? அம்முறையீட்டின் விலையை அப்பெண் அன்று மாலையே கொடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரரின் பார்வைக்கு வலுவூட்டுவது நம் பார்வையே. நாம் மாறினால் அவரும் துணிந்து மாறுவார்.

'உட்கார்ந்தே காட்டம்மா, அவசரமில்லை' என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். செலவில்லாத சொல் அது. முதலாளி காதில் விழுமாறு சொன்னால் இன்னும் சிறப்பு. வாடிக்கையாளரே இவ்வாறு கூறும்போது, மேற்பார்வையாளரின் கண்டிப்புக்குக் காரணம் இல்லாமற் போகும்.

பிறருக்குச் சொல்லும் முன் நம் பங்கின் திருமண மண்டபத்திலும் புத்தக நிலையத்திலும் விடுதிச் சமையற்கூடத்திலும் வேலை செய்வோர்க்கு உட்கார இடமுண்டா என்று பங்குப் பேரவையினர் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது முறையாகும். சட்டம் எந்தெந்த இடத்திற்குப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர் ஆராயட்டும். கால் வலி எல்லா இடத்திலும் ஒன்றே.

கடைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உரிமை இருக்கிறது என்று அறிவது முதற்படி. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அமர்வது சோம்பலன்று. சட்டம் அளித்த ஓய்வு அது. வாடிக்கையாளர் வரும்போது முகமலர்ந்து வரவேற்பதும் உங்கள் கடமையே. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல. தனியே கேட்க அஞ்சினால், உடன் பணிபுரிவோர் நால்வர் சேர்ந்து பணிவோடு முதலாளியிடம் கேளுங்கள்.

வரும் விழாக் காலத்திற்கு முன் கடை உடைய குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு நாள் மாலை ஏழு மணிக்குத் தம் கடையின் நடுவே நின்று இரண்டு எண்ணிக்கைகளை எடுத்துப் பார்க்குமாறு அன்போடு வேண்டுகிறோம். எத்தனை இருக்கைகள் உள்ளன என்பது முதலாவது எண்ணிக்கை. அவற்றுள் எத்தனையில் ஆள் அமர்ந்திருக்கின்றனர் என்பது இரண்டாவது. முதல் எண்ணிக்கையை ஆய்வாளர் வந்தும் எடுத்துவிடுவார். இரண்டாவதை எடுக்க வேண்டியவர் நீங்களே.